தெக்க விழுந்த நிழல்

போன மாசம் ஒரு பையனும் ஒரு பொண்ணும் என் வீட்டைத் தேடிக்கினு வந்தாங்க. போட்டோகிராபருங்க சங்கத்துல மலர் போடுறாங்களாம், பழைய ஆளுங்களைப் பார்த்துப் பேசுறாங்களாம். எனக்கு உள்ளுக்குள்ள ஒரே குஷி. காப்பி கலந்து குடுத்துட்டு, தலையை வாரி, நல்ல புடவையா மாத்திக்கினு வந்து உட்கார்ந்தேன். அந்தப் பொண்ணு செல்போனை என் முன்னாடி வச்சுட்டுக் கேட்டா: "வசந்தா மேடம்கூட நீங்க வேலை செஞ்சீங்களாமே? அவங்களைப் பத்திச் சொல்லுங்கம்மா."

குடுத்த காப்பியைத் திரும்ப வாங்கிக்கலாமான்னு இருந்துச்சு.

வசந்தா போன வருஷம் போய்ச் சேர்ந்துட்டா. என்னைவிடச் சின்னவ. அதுலயும் முந்திக்கினா. "இப்பல்லாம் போன்ல படம் எடுத்தா எந்த இடம்னு அதுவே சொல்லிடுது. மேடம் அந்தக் காலத்துலயே நிழலைப் பார்த்து இடத்தைச் சொல்லிடுவாங்களாமே"ன்னு பையன் வாயைப் பொளந்தான். சொல்லுவாதான். நான் இல்லன்னு சொல்லலை. ஆனா அந்தக் கதையில நானும் இருக்கேன். அவங்க எழுதினா என் பேரு கடைசி வரியில வரும், அதுவும் தப்பா வரும். அதான் நானே எழுதறேன்.

நான் ஸ்டுடியோவுல சேர்ந்தது அறுபதுகளோட நடுவுல. பெரிய காஞ்சிபுரத்துல ஒரு ஓட்டு வீடு. முன்பக்கம் கடை, நடுவுல படம் எடுக்குற ரூம், பின்னாடி ஒரு துண்டு வெட்டவெளி. முதலாளி கரீம் பாய். பொம்பளைங்க படம் எடுத்துக்க வந்தா முந்தானையைச் சரிபண்ணிவிட ஒரு பொம்பளை ஆளு வேணும்னு என்னைச் சேர்த்துக்கினாரு. அப்புறம் டச்சிங் வேலை குடுத்தாரு. நெகட்டிவ் மேல கூர் பென்சில் வச்சு அம்மைத் தழும்பு, கண்ணுக்குக் கீழ இருக்குற கருப்பு எல்லாத்தையும் மறைக்கறதுதான் டச்சிங். முதல் வருஷம் பூராவும் கெடுத்தேன். அடுத்த வருஷம் பாதி கெடுத்தேன். அதுக்கப்புறம் இந்த ஊருல எத்தனையோ பொண்ணுங்களுக்குக் கல்யாணம் ஆனது என் பென்சிலாலதான். மாப்பிள்ளை வீட்டுக்குப் போற படத்துல நான் கை வைக்காத மூஞ்சியே இல்ல.

பாய் சத்தம் போட மாட்டாரு. தப்பு பண்ணா அந்தப் பிரிண்டை நம்ம மேஜையில வச்சுட்டு டீ குடிக்கப் போயிடுவாரு. அவரு திரும்பி வர்றதுக்குள்ள தப்பு எங்கன்னு நாமளே கண்டுபிடிச்சிருக்கணும். நல்லாப் பண்ணா அதையும் சொல்ல மாட்டாரு. அபூர்வமா "ஷாபாஷ்"னு ஒரு வார்த்தை விழும். டார்க் ரூம்ல கழுவுற ஆளுக்குக் கிடைச்சிருக்குது. ஒரு தடவை அவரோட சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டுனவனுக்குக்கூடக் கிடைச்சுது. எனக்குக் கிடைச்சதே இல்ல. அவருகிட்ட படத்தைப் பெருசாக்கிப் பார்க்குற, பித்தளை வளையம் போட்ட ஒரு லென்ஸு இருந்துச்சு, வெல்வெட் வச்ச பெட்டியில தூங்கும். பெட்டியைத் துடைக்கறது என் வேலை. லென்ஸைத் தொட யாருக்கும் அனுமதி இல்ல.

அந்த லென்ஸுக்குத்தான் வக்கீலுங்க வருவாங்க. கோர்ட்டுல ஒரு படம் வந்தா, இது எந்த நேரம், எந்தத் திசையில நின்னு எடுத்ததுன்னு பாய்கிட்ட கேட்பாங்க. திருப்புட்குழி பக்கத்துல ஒரு வேலித் தகராறு. விடியக்காலையில எடுத்த படம்னு ஒருத்தர் அடிச்சுச் சொன்னாரு. பாய் பார்த்துட்டு, "இந்த வீட்டு வாசல் கிழக்கப் பார்த்து இருக்குதுன்னு நீங்களே சொல்றீங்க. நிழலும் வாசல் பக்கமா, கிழக்க விழுந்திருக்குது. உங்க ஊருல சூரியன் மேற்க உதிக்குதுன்னா நான் ஒத்துக்கறேன்"னாரு. அந்த ஆளு படத்தைச் சுருட்டிக்கினு போயிட்டாரு.

முறை இதுதான். முதல்ல படத்துல நேரா நிக்கிற ஒண்ணைத் தேடணும். கம்பமோ, தூணோ, மனுஷனோ. அதோட நிழல் எவ்வளவு நீளம்னு பார்க்கணும். நீட்டா விழுந்தா காலை, இல்ல சாயங்காலம். காலைன்னா மேற்க விழும், சாயங்காலம்னா கிழக்க விழும். காலடியில குட்டையாக் கிடந்தா உச்சிவேளை, அப்போ நிழல் வடக்கதான். பாய் மேஜையில சாக்பீஸால நாலு திசைக்கும் கோடு போட்டு வச்சிருப்பாரு. நிழல் அந்தக் கோட்டுல பொருந்துற வரைக்கும் படத்தைத் திருப்பணும். பொருந்திடுச்சுன்னா, படத்துல இருக்குற தெரு எந்தப் பக்கம் ஓடுது, கோபுரம் எந்தப் பக்கம் இருக்குதுன்னு எல்லாம் தானா வெளிய வரும். இதுக்கு அவரு வச்ச பேரு, படத்தை உட்கார வைக்கறது. இதை அவருக்குச் சொல்லிக் குடுத்த உஸ்தாத் டில்லிக்காரர். அந்தப் பேரைச் சொல்றப்போ பாய் மரியாதையாக் காதைத் தொட்டுக்குவாரு.

இன்னொண்ணும் சொல்லணும். படம் எடுக்குற ரூமுக்கு வடக்குப் பக்கக் கூரையில பெரிய கண்ணாடி. கரண்டை நம்பி இந்த ஊருல தொழில் பண்ண முடியாத காலம் அது. வடக்க இருந்து வர்ற வெளிச்சத்துல வெயில் கலக்காது, குளிர்ச்சியா இருக்கும், மூஞ்சி நல்லா வரும். ஆனா சித்திரை பாதி தாண்டினா அந்தக் கண்ணாடி வழியா வெயில் சுள்ளுன்னு உள்ள இறங்கும். ஆடி முடியற வரைக்கும் அப்படித்தான். அதுக்கு ஒரு வெள்ளை மல்லுத்துணி கட்டுவோம். வருஷா வருஷம் ஸ்டூல் மேல ஏறி அந்தத் துணியைக் கட்டுனது நான்தான். வேற யாரும் இல்ல, நான்தான்.

இந்த நிலைமையில வசந்தா வந்து சேர்ந்தா. செவிலிமேட்டுல இருந்து டவுன் பஸ்ல வருவா. பிரிண்டுக்குக் கலர் பூசுற வேலை. வந்த வாரமே கஸ்டமருங்க, "அந்தச் சிரிச்ச மூஞ்சிப் பொண்ணு இல்லையா?"ன்னு கேட்க ஆரம்பிச்சாங்க. எனக்கு எரிஞ்சுது. நான் மூஞ்சி கழுவிக்கினு உட்கார்ந்திருந்தது யாரு கண்ணுக்கும் தெரியலை. பாய் டீ வாங்கியாரச் சொன்னா எனக்கு ஒண்ணு வரும், அவளுக்கு டீயோட பிஸ்கட்டும் வரும். சின்ன விஷயம்தான். சின்ன விஷயம்தானே உறுத்தும்.

அந்தச் சித்திரையில துணி கட்டறப்போ ஸ்டூலைப் பிடிச்சுக்கினு நின்னவ வசந்தா. "அக்கா, வடக்கு ஜன்னல்ல எப்படிக்கா வெயில் வருது?"ன்னா.

"வருது, அவ்ளோதான். நீ ஸ்டூலை ஒழுங்காப் பிடி"ன்னேன்.

ருக்குமணி வந்தது ஆனி மாசம். பிள்ளையார்பாளையத்துக்காரி, வீட்டுல உட்கார்ந்து தறிக்குத் தார் சுத்துறவ, அதாவது குச்சியில பட்டு நூலைச் சுத்திக் குடுக்குறவ. முப்பது வயசு இருக்கும், குழந்தை இல்ல. புருஷன் பட்டுப்புடவை மூட்டையைத் தூக்கிக்கினு வெளியூர் கடைகளுக்குப் போற ஏஜெண்டு. மாசத்துல பாதி நாள் வீட்டுல இருக்க மாட்டாரு. மாதிரிப் புடவை மடிப்புல இருந்து விழுந்துச்சுன்னு ஒரு சின்னப் படத்தைப் பாய் முன்னாடி வச்சா.

பாக்ஸ் கேமராவுல எவனோ கத்துக்குட்டி எடுத்தது. ஒரு வீட்டு முன்னாடி அவ புருஷன் நிக்கறாரு. அவரு விரலைப் பிடிச்சுக்கினு மூணு வயசுப் பையன். பையனோட இன்னொரு கையில நுங்கு வண்டி, நுங்குக் காயைச் சக்கரமா வச்சுக் குச்சி சொருகித் தள்ளிக்கினு போவாங்களே, அது. பக்கத்துல ஒரு விளக்குக் கம்பம். தூரத்துல ஓட்டுக் கூரைங்களுக்கு மேல ஒரு கோபுரத்தோட உச்சி, அதுவும் கலங்கலா.

"கேட்டா, கும்பகோணத்துல கடைக்காரர் வீட்டுப் புள்ளன்னு சொல்றாரு"ன்னா. "இது எந்த ஊருன்னு மட்டும் சொல்லுங்க பாய். வெளியூருன்னா நான் வாயை மூடிக்கினு போயிடறேன். இந்த ஊருன்னா…" முந்தானை நுனியை விரல்ல சுத்திக்கினே இருந்தா, தார் சுத்துற மாதிரி.

பாய் லென்ஸை எடுத்தாரு. கம்பத்தோட நிழல் குட்டையா, படம் எடுத்தவன் பக்கமா விழுந்திருந்துச்சு. உச்சிவேளை. நிழல் வடக்கன்னா, கேமரா வடக்க இருக்குது, கோபுரம் தெக்க இருக்குது. அவரு சாக்பீஸ் கோட்டுல படத்தை உட்கார வச்சாரு. ரொம்ப நேரம் பார்த்தாரு. "நம்ம பெரிய கோபுரத்துக்கு வடக்க இப்படி வரிசையா வீடு ஏதும்மா? வயலும் முள்ளும்தான் இருக்குது. இது நம்ம ஊரு இல்ல"ன்னாரு.

ருக்குமணி அப்படியே பெஞ்சுல சாய்ஞ்சா. அவ மூஞ்சியைப் பார்க்கணுமே. நான் எத்தனை மூஞ்சியில கருப்பை எடுத்திருக்கேன், ஒரு வார்த்தையில அப்படி எடுத்தது இல்ல. "என் புருஷனைத் தப்பா நினைச்சுட்டேன் பாவி"ன்னு சொல்லிக்கினே எழுந்து, செருப்பை மாட்டிக்கினா.

அப்போ வசந்தா கலர் பிரஷ்ஷைக் கீழ வச்சா. "பாய், நிழல் தெக்க விழுந்திருக்கலாமே?"

பாய் திரும்பினாரு. அவரு முன்னாடி அப்படி யாரும் பேசுனது இல்ல.

"பையன் கையில நுங்கு வண்டி இருக்குது, வாடாம இருக்குது. அப்போ வைகாசி, ஆனி. இந்த மாசத்துல நம்ம ஜன்னல்ல வடக்க இருந்துதானே வெயில் வருது? அக்கா துணி கட்டுனாங்களே. சூரியன் வடக்க நின்னா நிழல் தெக்கதானே விழும்?"

அக்கா துணி கட்டுனாங்களே. இந்த வார்த்தை இன்னைக்கும் என் காதுல இருக்குது. என் துணி. என் ஸ்டூல். நான் வருஷா வருஷம் கண்ணைச் சுருக்கிக்கினு நின்ன வெயில். அதை ஒரே ஒரு சித்திரையில, ஸ்டூலைப் பிடிச்சுக்கினு நின்னவ எடுத்துக்கினா. எனக்கு வயிறு எரிஞ்ச எரிச்சல்ல ருக்குமணியை நான் பார்க்கவே இல்ல.

பாய் நேரா பின்பக்க வெட்டவெளிக்குப் போனாரு, நாங்களும் போனோம். உச்சிவேளைதான். துணி காயப்போடுற குச்சியை மண்ணுல நேரா நட்டாரு. நிழல் ஒரு சாண் விழுந்துச்சு. தெக்க. பெரிய கோபுரம் எங்களுக்கு வடக்க நின்னுக்கினு இருந்துச்சு, நிழல் அதுக்கு முதுகைக் காட்டிக்கினு கிடந்துச்சு. பாய் ரொம்ப நேரம் குனிஞ்சு அதையே பார்த்தாரு. அப்புறம் மெல்லச் சிரிச்சாரு. "என் உஸ்தாத் டில்லிக்காரர். அந்த ஊருல சூரியன் என்னைக்கும் தெக்கயேதான் இருக்குமாம், தலைக்கு வடக்க போகவே போகாது. அவரு சொன்னதை நான் இந்த ஊரு வெயில்ல நின்னுக்கினு நம்பிட்டேன்"னாரு. நாங்க நடுப்பகல்ல வெளிய படமே எடுக்க மாட்டோம், மூஞ்சி கெட்டுடும். அதனால உச்சிவேளை நிழல் அவரு கைக்கு வந்ததே குறைச்சல். வந்தது ஒண்ணு ரெண்டும் குளிர்காலத்துது.

"ஷாபாஷ்"னாரு வசந்தாவைப் பார்த்து. அதோட விட்டாரா? லென்ஸை எடுத்து அவ கையில குடுத்தாரு. அந்தப் பெட்டியை நான் துடைச்ச துடைப்புக்கு, வெல்வெட்டே தேஞ்சு போயிருந்துச்சு.

வசந்தா படத்தைத் தலைகீழாத் திருப்பி உட்கார வச்சா. கோபுரம் வடக்க வந்துச்சு. "கோபுரத்துக்குத் தெக்க, நடந்து போற தூரம்தான்"ன்னு சொன்னப்புறம்தான், தான் என்ன சொல்லிட்டோம்னு அவளுக்குத் தெரிஞ்சுது. ருக்குமணியைத் திரும்பிப் பார்த்தா.

"நீயும் வாம்மா, வந்து காட்டு"ன்னா ருக்குமணி. அவளைத்தான் கூப்பிட்டா. பாய், "லலிதா, நீயும் கூடப் போ"ன்னாரு. சொல்லலைன்னாலும் போயிருப்பேன்.

கொளுத்தற வெயில்ல மூணு பேரும் படத்தைக் கையில வச்சுக்கினு தெருத் தெருவா நடந்தோம். ஒவ்வொரு சந்து முனையிலயும் வடக்கப் பார்த்து நின்னு, கோபுர உச்சி கூரைக்கு மேல அதே அளவு தெரியுதான்னு வசந்தா பார்ப்பா. ஒரு சந்துல அந்த வளைஞ்ச விளக்குக் கம்பத்தை நான்தான் முதல்ல பார்த்தேன். சத்தியமா நான்தான். வாயைத் திறக்கறதுக்குள்ள, "இதோ இருக்குது"ன்னு அவ சொல்லிட்டா.

கம்பத்தை அடுத்து, படத்துல இருந்த அதே வீடு. வாசப்படியில நுங்கு வண்டி கிடந்துச்சு. அது காய்ஞ்சு சுருங்கிப் போயிருந்துச்சு. உள்ள இருந்து ஒரு பொம்பளை ஈரக் கையைத் துடைச்சுக்கினு வந்தா. சின்ன வயசு. கழுத்துல மஞ்சக் கயிறு. பின்னாலயே அந்தப் பையன்.

"குடிக்கத் தண்ணி கிடைக்குமாம்மா?"ன்னு கேட்டா ருக்குமணி.

அந்தப் பொம்பளை சொம்பு நிறையக் கொண்டாந்து குடுத்தா. "உள்ள வந்து உட்காருங்கக்கா, வெயிலு மண்டையைப் பொளக்குது"ன்னா. ருக்குமணி உட்காரலை. பையனோட தலையைத் தடவினா.

"பேரு இன்னாம்மா?"

அவ வெட்கப்பட்டுச் சிரிச்சா. "எங்க மாமனார் பேரை வச்சிருக்குது. நான் வாயால சொல்லக் கூடாது. அவனையே கேளுங்க."

"ஏகாம்பரம்"னான் பையன், கணீர்னு.

ருக்குமணி சொம்பை அப்படியே பிடிச்சுக்கினு நின்னா. மிச்சத் தண்ணியையும் குடிச்சு முடிச்சுட்டு, சொம்பைக் கையில குடுத்துட்டு, "நல்லா இருங்கம்மா"ன்னு சொல்லிட்டு நடந்தா. முனை திரும்புனதும் நான்தான் கேட்டேன், என்ன ஆச்சுன்னு. "என் மாமனார் பேரும் அதுதான். நானும் வாயால சொல்லக் கூடாது"ன்னா.

அப்புறம் வசந்தா பக்கம் திரும்பினா. "செருப்பு மாட்டிட்டேன்டி நான். வாசலைத் தாண்டி இருந்தேன்னா இந்நேரம் வீட்டுல அவருக்குச் சோறு வடிச்சுக்கினு இருந்திருப்பேன். உன் கண்ணு அவிஞ்சு போக"ன்னா. சொல்லிட்டு ரோடுன்னும் பார்க்காம உட்கார்ந்து அழுதா. வசந்தாவும் அழுதா. நான் ரெண்டு பேருக்கும் நடுவுல, படத்தைக் கையில வச்சுக்கினு மரம் மாதிரி நின்னேன். என்னை யாரும் திட்டக்கூட இல்ல.

அதுக்கப்புறம் கோர்ட்டு வேலை பூராவும் வசந்தாகிட்ட போச்சு. வக்கீலுங்க வந்தா, "அந்தக் கண்ணுக்காரியம்மா இருக்குறாங்களா?"ன்னுதான் கேட்பாங்க. அவ ஒவ்வொரு படத்துலயும் முதல்ல மாசம் எதுன்னு தேடுவா. பூவோ, பழமோ, போர்வையோ எதையாவது பிடிச்சுக்கினு, அப்புறம்தான் நிழலைத் தொடுவா. நல்லாத்தான் செஞ்சா. நான் பக்கத்து மேஜையில மூஞ்சிங்களைச் சுத்தம் பண்ணிக்கினு இருந்தேன்.

அடுத்த வருஷம் வைகாசியில, நான் ஸ்டூல் மேல நின்னு, அவுந்துபோன துணியைத் திரும்பக் கட்டிக்கினு இருக்கறப்போ ருக்குமணி உள்ள வந்தா. கூட அந்தப் பொம்பளை, பேரு சரசு. நடுவுல பையன். புருஷன் இல்ல.

"படம் எடுக்கணும் பாய். நாங்க மூணு பேரு மட்டும்"ன்னா. பாய் தயங்குனதைப் பார்த்துட்டு அவளே சொன்னா: "இவளுக்கும் என்னைப் பத்தித் தெரியாது பாய், ரெண்டு பேரையும் ஏமாத்தியிருக்காரு. இப்போ ஒரே வீட்டுலதான் இருக்கறோம், ரெண்டு பேரும் தார் சுத்தறோம். அவரு வந்தா வருவாரு, போனா போவாரு. புருஷன் பொய்யின்னு ஆயிட்டுது. புள்ள பொய்யில்லையே. என்னைப் பெரியம்மான்னு கூப்பிடறான்."

ரூமுக்குள்ள எடுக்கலாம்னா கேட்கலை. "வெளிய வச்சு எடுங்க, கோபுரம் நல்லாத் தெரியட்டும். இது எந்த ஊருன்னு இன்னொருத்தி தேடிக்கினு அலையக் கூடாது"ன்னா. பின்பக்கம் எல்லாரும் போனோம். உச்சிவேளை, மூஞ்சி கெட்டுடும்னு பாய் சொல்லிப் பார்த்தாரு. கெடட்டும்னுட்டா.

நிக்க வச்சதும் ருக்குமணி சுத்திப் பார்த்தா. "அந்தக் கண்ணுக்காரி எங்க? அவளும் வந்து நிக்கட்டும். அன்னைக்கு நான் வாயில வந்ததைச் சொல்லிட்டேன்." வசந்தா கண்ணைத் துடைச்சுக்கினு ஓடி வந்து நடுவுல நின்னா. பாய்க்கு அன்னைக்கு வலது கையில கட்டு. கேமராவை என்கிட்ட குடுத்தாரு.

நான் கேமராவுல கண்ணை வச்சேன். ருக்குமணி என்னைப் பார்த்து நல்லவிதமாத்தான் கேட்டா: "நீங்க புதுசாம்மா?"

"ஆமா"ன்னு சொல்லிட்டு எடுத்தேன்.

மலருக்கு வசந்தாவோட பழைய படம் ஏதாவது இருக்குதான்னு அந்தப் பிள்ளைங்க கேட்டாங்க. அந்த ஒண்ணுதான் என்கிட்ட இருக்குது, எடுத்துக் குடுத்தேன். பொண்ணு அதைப் போன்ல எடுத்து விரலால பெருசாக்கி, "நடுவுல சிரிக்கறவங்கதானே மேடம்?"னா. ஆமான்னேன். பையன் வாங்கிப் பார்த்தான். "நிழல் குட்டையா நம்ம பக்கம் விழுந்திருக்குது. பின்னாடி பெரிய கோபுரம். அப்போ வைகாசி ஆனி, உச்சிவேளை, நம்ம ஊரு. சரியாம்மா?"ன்னான்.

சரியாத்தான் சொன்னான். ஊரைச் சொல்லிட்டான், மாசத்தைச் சொல்லிட்டான், நேரத்தையும் சொல்லிட்டான். யாரு எடுத்ததுன்னு ரெண்டு பேரும் கேட்கலை. மார்கழியில எடுத்திருந்தா நிழல் வடக்க போயிருக்கும், என் நிழலாவது அதுல விழுந்திருக்கும்.